ஆர்.என்.ஏ மருந்தைச் சுமந்து போவது எது என்பதையும் எழுதுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் அறிவியல் பக்கத்தில் செயற்கை ஆர்.என்.ஏ புற்றுநோய் மருந்து பற்றி வந்த அரைப்பக்கச் செய்தியைப் படித்தேன். ஆர்.என்.ஏ என்றால் என்ன, அது புற்று செல்லுக்குள் போய் என்ன செய்யும் என்பதையெல்லாம் நன்றாகவே விளக்கியிருந்தீர்கள், படமும் போட்டிருந்தீர்கள். ஆனால் அந்த ஆர்.என்.ஏவை உடம்புக்குள் கொண்டுபோன பொருளைப் பற்றி மொத்தம் ஒரே ஒரு வரிதான் இருந்தது: "பாதுகாப்பான பாலிமர் உறையில் வைத்துச் செலுத்தப்பட்டது." நான் பாலிமர் வேதியியல், அதாவது சின்ன மூலக்கூறுகளைச் சங்கிலியாகக் கோத்த பெரிய மூலக்கூறுகளின் வேதியியல், சொல்லிக்கொடுக்கிறவன், அதனால் என் கண் அந்த வரியிலேயே நின்றுவிட்டது. இந்தத் துறையில் இத்தனை பேர் ஐம்பது வருஷத்துக்கும் மேலாக மண்டையை உடைத்துக்கொள்வதே அந்த ஒரு வரிக்காகத்தான், அதைப் போகிற போக்கில் சொல்லிவிட்டுப் போனால் வாசகருக்குக் கிடைப்பது பாதிச் செய்திதான்.

முதலில் ஆர்.என்.ஏ எவ்வளவு நோஞ்சான் என்பதைச் சொல்ல வேண்டும். அதன் சர்க்கரை வளையத்தில், இரண்டாவது கார்பனில், டி.என்.ஏவில் இல்லாத ஒரு ஹைட்ராக்சில் தொகுதி இருக்கிறது. அது பக்கத்திலிருக்கும் பாஸ்பேட்டைத் தாக்கிச் சங்கிலியைத் தானே அறுத்துக்கொள்ளும். அது போதாதென்று ஆர்.என்.ஏவை வெட்டுவதற்கென்றே ஆர்.என்.ஏஸ் என்ற நொதிகள் நம் ரத்தத்தில், வியர்வையில், விரல் நுனியில் எல்லாம் இருக்கின்றன. இதில் ஆர்.என்.ஏஸ் ஏ என்பது கொதிக்க வைத்தாலும் ஆறியதும் பழையபடி மடிந்துகொண்டு வேலையைத் தொடங்கிவிடும் ரகம். அதனால்தான் ஆர்.என்.ஏ ஆய்வகத்தில் கையுறையைக் கழற்றிவிட்டு ஒரு குழாயைத் தொட்டால் பக்கத்தில் இருப்பவர் திட்டுவார். சரி, ரத்தத்தில் வெட்டுப்படாமல் தப்பியது என்றே வைத்துக்கொள்வோம், அடுத்து சிறுநீரகம். மரபணுவை அடக்கப் பயன்படும் எஸ்.ஐ.ஆர்.என்.ஏ சுமார் 21 ஜோடி எழுத்துகள் நீளமே உள்ளது, எடை 13,000 டால்டன் (மூலக்கூறு எடைக்கான அலகு) அளவு, இந்தச் சின்ன உருவத்தைச் சிறுநீரகம் சில நிமிஷங்களிலேயே வடிகட்டி வெளியே அனுப்பிவிடும். அதையும் தாண்டிப் புற்று செல் வரை போனால், ஆர்.என்.ஏவும் எதிர்மின், செல்லின் மேல்பரப்பும் எதிர்மின், உள்ளே விடாது. ஆக வெறும் ஆர்.என்.ஏவை ஊசியில் ஏற்றினால், ஒருசில இடங்களைத் தவிர, அது மருந்தே இல்லை.

இங்கேதான் பாலிமர் வருகிறது. நேர்மின் ஏற்றமுள்ள அமீன் தொகுதிகளைக் கொண்ட ஒரு பாலிமரை ஆர்.என்.ஏவோடு கலந்தால் இரண்டும் ஒன்றையொன்று இழுத்துச் சுருண்டு நானோ அளவு உருண்டையாகிவிடும், நொதிக்கு வெட்ட இடம் கிடைக்காது. இதை ஆய்வகத்தில் பார்ப்பது ரொம்ப எளிது. மூலக்கூறுகளைப் பிரித்துக் காட்டும் கூழ்ப் பலகையான ஒரு ஜெல்லில் பக்கத்துப் பக்கத்துக் குழிகளில் வெறும் ஆர்.என்.ஏவையும் பாலிமரோடு கலந்த ஆர்.என்.ஏவையும் விட்டு மின்சாரம் கொடுத்தால், வெறும் ஆர்.என்.ஏ ஒரு பளிச்சென்ற பட்டையாகக் கீழே ஓடும், பாலிமர் பிடித்துக்கொண்டது குழியை விட்டு நகராது. இரண்டையும் முன்கூட்டியே சீரத்தில், அதாவது ரத்தம் உறைந்தபின் பிரியும் தெளிந்த நீரில், ஊறவைத்து ஓட்டினால் வெறும் ஆர்.என்.ஏவின் பட்டை மங்கி, இழுபட்ட கறையாகி, கடைசியில் காணாமலே போய்விடும். குழியில் இருப்பது பிழைத்ததா என்று தெரிந்துகொள்ள ஹெப்பாரின் என்ற, ரத்தம் உறையாமல் தடுக்கும் பொருளைச் சேர்ப்போம். ஹெப்பாரின் ஆர்.என்.ஏவைவிட அதிக எதிர்மின் கொண்டது, போட்டி போட்டுப் பாலிமரைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ளும், ஆர்.என்.ஏ விடுபட்டு ஓடும், பட்டை முழுசாக இருந்தால் காப்பாற்றப்பட்டது என்று அர்த்தம். பல ஆய்வுக் கட்டுரைகளின் முதல் படமே இந்த ஜெல்தான். இந்த ஹெப்பாரின் விஷயத்தை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வேறொரு இடத்தில் தேவைப்படும்.

இது ஏதோ நேற்று வந்த யோசனை என்ற தொனியில் உங்கள் செய்தி இருந்தது. அப்படி இல்லை. 1967-ல் மெர்க் நிறுவனத்தில் மாரிஸ் ஹில்மன் குழுவினர் பாலி ஐ:சி என்ற செயற்கை இரட்டை இழை ஆர்.என்.ஏ உடம்பை இன்டர்ஃபெரான் என்ற, வைரஸை எதிர்க்கும் புரதத்தைச் சுரக்க வைக்கிறது என்று காட்டினார்கள். வைரஸ் வந்துவிட்டதாக நினைத்து நோயெதிர்ப்பு அமைப்பு விழித்துக்கொள்கிறது, அவ்வளவுதான் தத்துவம். 1969-ல் எலிகளில் கட்டி வளர்ச்சியையே அது தடுத்ததாகச் செய்தி வந்தது. ஆனால் மனிதருக்குக் கொடுத்தபோது பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை, ஏனென்றால் மனிதர்கள், குரங்குகளின் சீரத்தில் அதை உடைக்கும் நொதிகள் எலியைவிட மிக அதிகம். எலியில் வேலை செய்த ஆர்.என்.ஏ மனிதரிடம் தோற்றதற்கு இது அநேகமாக முதல் பெரிய உதாரணம், உங்கள் செய்தியும் எலியோடு நின்றதால் சொல்கிறேன்.

அதற்கு மாற்றாக 1975-ல் அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் ஹில்டன் லெவி செய்த காரியம் எனக்கு இன்றைக்கும் பிடித்தமானது. பாலி ஐ:சியோடு பாலி-எல்-லைசினைச் சேர்த்தார், அது லைசின் என்ற அமினோ அமிலத்தின் சங்கிலி, முழுக்க நேர்மின். இரண்டும் சேர்ந்தால் திரிந்து அடியில் தங்கிவிடும், எனவே கரைசலிலேயே நிற்கட்டும் என்று மூன்றாவதாகக் கார்பாக்சிமெத்தில் செல்லுலோஸைச் சேர்த்தார், கண்சொட்டு மருந்துகளில் இருக்கும் அதே சாதுவான பொருள். இப்படிக் கட்டியதும் குரங்கினச் சீரத்தில் உடைபடுவதற்கான எதிர்ப்பு ஐந்து முதல் பத்து மடங்கு கூடியது. இதுதான் பாலி-ஐ.சி.எல்.சி. அப்புறம்? இன்டர்ஃபெரான் நன்றாகச் சுரந்தது, கூடவே அதிக அளவில் நாளம் வழியாக ஏற்றியபோது கடுமையான காய்ச்சலும் ரத்த அழுத்தச் சரிவும் வந்தன. மருந்து நிலைத்து நிற்கிறது என்றால் அதன் நல்லதும் கெட்டதும் சேர்ந்தே நிலைத்து நிற்கும். இதைப் புரிந்துகொண்டு அளவைக் குறைத்து, நாளத்தை விட்டுத் தசை, தோலடி என்று மாற்றி, தனி மருந்தாக இல்லாமல் தடுப்பூசிக்குத் துணையாகக் கொடுக்கத் தொடங்கினார்கள். 2017-ல் வெளியான ஓர் ஆய்வில் மெலனோமா என்ற தோல் புற்றுநோய் உள்ள ஆறு பேருக்கு, அவரவர் கட்டியின் மரபணு மாற்றங்களைப் பார்த்துத் தனித்தனியாகச் செய்த தடுப்பூசியோடு இந்தப் பழைய பாலி-ஐ.சி.எல்.சி துணையாகப் போனது. நான்கு பேருக்கு இரண்டு வருஷத்துக்கும் மேல் நோய் திரும்பவில்லை. ஆறு பேரை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது, ஆனாலும் 1975-ல் கட்டிய மூட்டை இன்னும் வேலைக்குப் போய்க்கொண்டிருக்கிறது என்பது சாதாரண விஷயமா?

அதே பாலி ஐ:சியைப் பாலிஎத்திலீனிமின் என்ற பாலிமரோடு கட்டி ஸ்பெயின் நாட்டு நிறுவனம் ஒன்று பி.ஓ-112 என்ற பெயரில் மனிதரில் சோதித்தது. அதை நாளத்தில் ஏற்றவில்லை, நேராகக் கட்டிக்குள்ளேயே ஊசி போட்டார்கள். இதற்குக் காரணம் இருக்கிறது. பாலிஎத்திலீனிமின் காகித ஆலைகளில் எல்லாம் பயன்படும் தொழிற்சாலைப் பொருள், 1995-ல்தான் அது மரபணுவை செல்லுக்குள் கொண்டுபோவதில் கெட்டிக்காரன் என்று பிரான்சில் கண்டுபிடித்தார்கள். ஆனால் அதன் நேர்மின் ஏற்றம் ஆர்.என்.ஏவை மட்டுமா பிடிக்கும்? செல் சவ்வையும் பிடித்துக் கிழிக்கும், ரத்தத்தில் கண்ட புரதத்தோடெல்லாம் ஒட்டிக்கொண்டு திரளும். சங்கிலி நீளமானால் செல்லுக்குள் நன்றாகப் போகும், நச்சும் ஏறும். குட்டையானால் நச்சு குறையும், வேலையும் குறையும். எனவே "பாதுகாப்பான பாலிமர்" என்று சும்மா சொல்லக்கூடாது. எந்தப் பாலிமர், எவ்வளவு நீளம், எவ்வளவு அளவு, எந்த வழியாக என்று நான்கும் தெரிந்தால்தான் அந்தப் பெயரடைக்கு அர்த்தம்.

இன்னொரு குழப்பத்தையும் சொல்லிவிடுகிறேன். உங்கள் செய்தி முதல் பத்தியில் "நோயெதிர்ப்பைத் தூண்டும் ஆர்.என்.ஏ" என்றது, மூன்றாவது பத்தியில் "புற்று மரபணுவை அடக்கும் ஆர்.என்.ஏ" என்றது. இரண்டும் ஒரே மருந்து போல ஓடியது. இரண்டும் நேர் எதிரானவை. பாலி ஐ:சி வகையில் உடம்பு அலற வேண்டும், அதுதான் மருந்து. எஸ்.ஐ.ஆர்.என்.ஏ வகையில் உடம்பு கண்டுகொள்ளவே கூடாது, சத்தமில்லாமல் செல்லுக்குள் போய் ஒரு குறிப்பிட்ட தகவல் ஆர்.என்.ஏவை, அதாவது புரதம் செய்வதற்காக மரபணுவிலிருந்து எடுத்த நகலை, வெட்டிவிட்டு இருக்க வேண்டும். ஆண்ட்ரூ ஃபயரும் கிரெய்க் மெல்லோவும் 1998-ல் விளக்கி 2006-ல் நோபல் வாங்கியது இந்த இரண்டாவது வேலைக்கு. இந்த வகையில் நோயெதிர்ப்பு விழித்துக்கொண்டால் அது ஆபத்து. எம்.ஆர்.எக்ஸ்-34 என்ற மைக்ரோ ஆர்.என்.ஏ (மரபணுவை அடக்கும் இன்னொரு குட்டி ஆர்.என்.ஏ) மருந்தை, அது பாலிமரில் இல்லை, கொழுப்புத் துகளில் வைத்துக் கொடுத்தது, 2016-ல் பாதியில் நிறுத்தினார்கள், நோயெதிர்ப்பு சார்ந்த கடும் விளைவுகளால் நோயாளிகள் இறந்ததால். இப்படிப்பட்ட வித்தியாசத்தை ஒரு வரியில் எழுதிவிடலாம், இடம் பிரச்சினை இல்லை.

பாலிமரில் வைத்து எஸ்.ஐ.ஆர்.என்.ஏவைப் புற்றுநோயாளிகளுக்குக் கொடுத்த முதல் பெரிய முயற்சி அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகத்தில் மார்க் டேவிஸ் குழுவுடையது. சைக்ளோடெக்ஸ்ட்ரின் என்று ஒன்று, ஸ்டார்ச்சிலிருந்து கிடைக்கும் சர்க்கரை வளையம், நடுவில் குழி இருக்கும். அந்த வளையங்களைக் கோத்து நேர்மின் பாலிமர் செய்தார்கள், அதில் ஆர்.என்.ஏ சுருண்டது. அந்தக் குழிக்குள் அச்சாகப் பொருந்தும் அடமண்டேன் என்ற மூலக்கூறின் வாலில் பி.ஈ.ஜி (பாலிஎத்திலீன் கிளைகால்) என்ற பாலிமர் சங்கிலியைக் கட்டி, குழியில் செருகி, மேலே ஒரு போர்வை போட்டார்கள். சில பி.ஈ.ஜி நுனிகளில் டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதம், புற்று செல்கள் அதை விரும்பி இழுத்துக்கொள்ளும் என்பதால். மொத்தம் சுமார் 70 நானோமீட்டர். இதை மெலனோமா நோயாளிகளின் ரத்தத்தில் ஏற்றி, பின்பு கட்டியிலிருந்து திசு எடுத்துப் பார்த்தபோது துகள் உள்ளே இருந்தது, இலக்கான தகவல் ஆர்.என்.ஏ சரியாக எதிர்பார்த்த இடத்திலேயே வெட்டுப்பட்டிருந்தது. 2010-ல் வந்த அந்தக் கட்டுரையைப் படித்தபோது இனி ஐந்தாறு வருஷத்தில் மருந்து வந்துவிடும் என்றுதான் இந்தத் துறையில் பலர் பேசிக்கொண்டார்கள்.

வரவில்லை. அந்த மருந்து முதல் கட்டச் சோதனையைத் தாண்டவே இல்லை. ஏன் அது ரத்தத்தில் சீக்கிரம் மறைந்தது என்று அதே குழு எலிகளில் தேடிப்போய் 2012-ல் வெளியிட்ட பதில்தான் நான் மேலே ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொன்ன ஹெப்பாரின் விஷயம். சிறுநீரக வடிகட்டியின் சவ்வில் ஹெப்பாரன் சல்பேட் நிறைய இருக்கிறது, ஹெப்பாரினின் சொந்தக்காரன், கடும் எதிர்மின். 70 நானோமீட்டர் துகள் அங்கே போய் ஒட்டியதும் ஹெப்பாரன் சல்பேட் பாலிமரைத் தன் பக்கம் இழுத்துவிடுகிறது, மூட்டை பிரிந்து ஆர்.என்.ஏ சிறுநீரோடு போய்விடுகிறது. நாங்கள் ஜெல்லில் வேண்டுமென்றே செய்வதைச் சிறுநீரகம் தானாகவே செய்கிறது! இந்த வேலையின் மொத்தச் சிக்கலும் இதில் இருக்கிறது: மூட்டை வழியில் அவிழவும் கூடாது, போய்ச் சேர்ந்த இடத்தில் அவிழாமல் இருக்கவும் கூடாது. இறுக்கிக் கட்டினால் செல்லுக்குள் போயும் ஆர்.என்.ஏ வெளியே வராது, தளர்த்திக் கட்டினால் சிறுநீரகத்திலேயே கதை முடிந்துவிடும். அதனால்தான் இப்போது அமிலத்தன்மை கூடினால் அவிழும் பாலிமர், செல்லுக்குள் இருக்கும் குளுட்டாதயோன் என்ற மூலக்கூறு பட்டால் அறுபடும் டைசல்ஃபைடு (கந்தக-கந்தக) பிணைப்புள்ள பாலிமர் என்று நிறையப் பேர் வேலை செய்கிறார்கள்.

செல்லுக்குள் போவதுகூட முடிவு இல்லை. துகளை செல் ஒரு பைக்குள் விழுங்குகிறது, எண்டோசோம் என்பார்கள், அந்தப் பையிலிருந்து தப்பினால்தான் ஆர்.என்.ஏவுக்கு வேலை. கொழுப்புத் துகள்களை வைத்து 2013-ல் அளந்தபோது 1 முதல் 2 சதவீதம்தான் தப்பியது. அதற்கு முன்னால், கட்டிவரை போய்ச் சேருவதே எவ்வளவு என்று டொரண்டோவில் வாரன் சான் குழு பத்து வருஷ ஆய்வுக் கட்டுரைகளைக் கூட்டிப் பார்த்து 2016-ல் சொன்ன எண்: ஏற்றிய நானோ துகளில் இடைநிலை மதிப்பு 0.7 சதவீதம். இரண்டையும் பெருக்கிப் பார்க்கச் சொல்லவில்லை, வேறு வேறு துகள்கள், வேறு வேறு அளவீடுகள், பெருக்குவது தப்பு. ஆனால் "மருந்து நேரடியாகப் புற்று செல்லை மட்டும் தாக்கும்" என்று உங்கள் செய்தியில் இருந்த வாக்கியத்துக்குப் பக்கத்தில் இந்த எண்களை வைத்துப் பாருங்கள். மிச்சம் 99 சதவீதம் எங்கே போகிறது? பெரும்பாலும் கல்லீரலுக்கும் மண்ணீரலுக்கும். கல்லீரலுக்குத்தான் வேண்டும் என்றால் அது வரம், 2018-ல் அனுமதி பெற்ற முதல் எஸ்.ஐ.ஆர்.என்.ஏ மருந்தான பட்டிசிரான் கல்லீரலைக் குறிவைத்ததுதான், அதுவும் கொழுப்புத் துகளில். புற்றுநோய்க்கென்று ஒரு எஸ்.ஐ.ஆர்.என்.ஏ மருந்துகூட இன்னும் அனுமதி பெறவில்லை, இந்த ஒரு தகவலையாவது செய்தியின் கடைசியில் போட்டிருக்கலாம்.

ரத்தம் வேண்டாம், நேராகவே வைத்துவிடுவோம் என்று யோசித்தவர்களும் இருக்கிறார்கள். இஸ்ரேலில் ஒரு நிறுவனம் பி.எல்.ஜி.ஏ என்ற பாலிமரில், தானாகக் கரையும் தையல் நூல் செய்கிற குடும்பத்தைச் சேர்ந்தது அது, கே-ராஸ் என்ற புற்று மரபணுவின் ஜி12டி என்ற மாற்றத்தை அடக்கும் எஸ்.ஐ.ஆர்.என்.ஏவை நிரப்பி, எண்டோஸ்கோப் வழியாகக் கணையக் கட்டிக்குள் சொருகியது. பாலிமர் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையக் கரைய மருந்து வெளிவரும். 15 நோயாளிகளில் கீமோதெரபியோடு சேர்த்துச் சோதித்து 2015-ல் வெளியிட்டார்கள். என் கணக்கில் இது புத்திசாலித்தனமான வழி, கணையம் மாதிரி ஊசி மருந்து எளிதில் நுழையாத இடத்துக்கு. ஆனால் பரவிவிட்ட நோய்க்கு எத்தனை இடத்தில் சொருகுவது என்ற கேள்விக்குப் பதில் இல்லை.

கடைசியாக அந்தப் போர்வை, பி.ஈ.ஜி. முகப்பூச்சிலிருந்து மலமிளக்கி வரை எல்லாவற்றிலும் இருப்பதால் அது ஒன்றும் செய்யாது என்று நாங்களே ரொம்ப நாள் வகுப்பில் சொல்லிக்கொண்டிருந்தோம். 2004-ல் பி.ஈ.ஜி கட்டிய ஆர்.என்.ஏ ஒன்று, பெகாப்டானிப், கண் நோய்க்கு அனுமதியும் பெற்றது. ஆனால் பெக்னிவாகோஜின் என்ற இன்னொரு பி.ஈ.ஜி-ஆர்.என்.ஏவை இதய நோயாளிகளிடம் சோதித்தபோது, மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் சேர்ந்திருந்த அந்தச் சோதனையை 2014-ல் நிறுத்த வேண்டியதாயிற்று, சிலருக்குக் கடும் ஒவ்வாமை. தேடிப்பார்த்தால் அவர்கள் ரத்தத்தில் பி.ஈ.ஜிக்கு எதிரான ஆன்டிபாடி ஏற்கெனவே இருந்தது. அங்கே ஒவ்வாமையோடு தொடர்புபட்டது ஆர்.என்.ஏ அல்ல, அதைக் காப்பாற்ற வந்த பாலிமர்.

இதையெல்லாம் எழுதியதற்குக் காரணம், இப்படிச் செய்தி வரும் ஒவ்வொரு முறையும் யாராவது ஒருவர் அதை வெட்டி எடுத்துக்கொண்டு டாக்டரிடம் போய் "இந்த ஊசி எப்போது கிடைக்கும்" என்று கேட்கிறார், அவர் வீட்டில் ஒருவருக்குக் காத்திருக்க நேரம் இருக்காது. ஆகவே அடுத்த முறை இந்த மாதிரி செய்தி போடும்போது சோதனை எலியிலா மனிதரிலா, ஊசி நாளத்திலா கட்டியிலா, சுமந்துபோனது எது, அது மனிதருக்கு முன்பே கொடுக்கப்பட்டதுண்டா என்று நாலு வரி சேருங்கள், "பாதுகாப்பான" என்ற சொல்லுக்கு ஆய்வுக் கட்டுரையில் ஆதாரம் இருந்தால் மட்டும் போடுங்கள். போன செய்திக்கு ஒரு சிறு திருத்தமாக, அதில் சொன்ன இரண்டு வகை ஆர்.என்.ஏக்களும் ஒன்றல்ல என்பதையாவது வெளியிட முடிந்தால் நல்லது. ஜெல் படம் வேண்டுமென்றால் சொல்லுங்கள், ஆர்.என்.ஏ பட்டை இருப்பதும் காணாமல் போவதும் பக்கத்துப் பக்கத்தில் தெளிவாகத் தெரிகிற மாதிரி ஒன்றை ஓட்டி அனுப்பி வைக்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாசகன், பாலிமர் வேதியியல் ஆசிரியர்